பறிகொடுக்க மறுத்த பையன்

ஜவ்வாது மலையில் இருப்பவர்களுக்குத் தியேட்டரில் படம் பார்ப்பது ஒரு பயணம். ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, வளைவு வளைவாக இறங்கி, போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ போய்ச் சேர வேண்டும். மலையின் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் திருப்பத்தூருக்கு இறங்குவார்கள். ஒருநாள் கூலி போகும், பஸ் காசு போகும். அதனால் எந்தப் படத்துக்கு இறங்குவது என்று யோசித்துத்தான் இறங்குவோம். ரஜினி படமென்றால் கேள்வியே கிடையாது. அனிமேஷன் படமென்றால், “பொம்மைப் படத்துக்கா இவ்வளவு தூரம்?” என்பார்கள்.

இறங்கலாம் என்கிறேன் நான். ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கலாம். 2023 ஜூன் 1 அன்று, அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒருநாள் முன்பாகவே, தமிழ் உட்பட 10 மொழிகளில் இந்தியாவுக்கு வந்த படம் அது. நான் பார்த்த சூப்பர் ஹீரோ படங்களில், ஆள் நடித்தவை, வரைந்தவை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், இதற்கு இணையாக ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. காரணம் சண்டைக் காட்சிகள் அல்ல. நாயகன் என்றால் யார், அவன் எதைக் கொடுத்து நாயகனாகிறான் என்று நாம் காலங்காலமாக நம்பி வந்த ஒன்றை இந்தப் படம் நேருக்கு நேர் நின்று மறுக்கிறது. மறுப்பதை வசனத்தில் மட்டும் செய்யாமல் கோட்டிலும் வண்ணத்திலும் செய்கிறது.

விடுதிப் பையனின் கதை

கதையை முதல் படத்திலிருந்து தொடங்க வேண்டும். 2018 டிசம்பரில் வந்த ‘இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’. மைல்ஸ் மொராலஸ், நியூயார்க்கின் புரூக்ளினில் வளரும் பையன். அப்பா கறுப்பினத்தவர், போலீஸ்காரர். அம்மா ரியோ புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர், நர்ஸ். குலுக்கலில் பெயர் வந்ததால் வசதியான ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கிடைக்கிறது. வார நாட்கள் முழுக்க அங்கே, வாரக் கடைசியில்தான் வீடு. அவனுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. தன் தெருவையும் பழைய பள்ளிக்கூடத்தையும் நினைத்து ஏங்குகிறான். பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி, சரியா தவறா என்று கேட்கும் தேர்வில் வேண்டுமென்றே எல்லா விடைகளையும் தவறாக எழுதி பூஜ்யம் வாங்குகிறான். ஆசிரியை கண்டுபிடித்துவிடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவனுக்கே பாதி விடைகள் சரியாக வந்துவிடும். ஒன்றுகூடச் சரியாக வரவில்லையென்றால் எல்லா விடைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் காட்சி எங்கள் மலைப்பிள்ளைகளுக்குப் புரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் புரியுமா என்று எனக்குச் சந்தேகம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவன் நான். ஊர் ஒரு மலைமுகட்டில், பள்ளி இன்னொன்றில். ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்டியோடு திரும்பி வரும்போது தொண்டையை அடைக்கும். படிப்பு வராததால் ஓடுகிற பிள்ளைகள் குறைவு. படிப்பு வந்தும், வீட்டு அடுப்பு நினைவுக்கு வந்து ஓடியவர்கள்தான் அதிகம். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் யாரோ எழுதிய ஒரு பாத்திரம் அதே ஓட்டத்தை ஓடியபோது நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அந்தப் படத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. வழக்கமாக ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். சிலந்தி கடித்து மைல்ஸ் புதிதாகச் சக்தி பெற்றுத் தடுமாறும்போது அவன் உடலை ஒரு நொடிக்கு 12 நிலைகளில் மட்டும் அசைத்தார்கள். ஒவ்வொரு நிலையும் இரண்டு படங்களுக்கு அப்படியே நிற்கும். பக்கத்திலேயே ஓடுகிற, அனுபவசாலியான சிலந்தி மனிதன் பீட்டர் பார்க்கருக்கு 24. பனி படர்ந்த காட்டில் இருவரும் நூல் பிடித்து ஊஞ்சலாடும்போது பீட்டர் வழுக்கிக்கொண்டு போவார், மைல்ஸ் வெட்டி வெட்டி விழுவான். காரணம் தெரியாமலேயே ‘இவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை’ என்று நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிற்பாடு கட்டடத்தின் உச்சியிலிருந்து அவன் குதிக்கும் காட்சியில் கேமரா தலைகீழாகத் திரும்பும். கீழே விழுகிறவன் மேலே ஏறுகிறவனாகத் தெரிவான். அவன் அசைவும் அதற்குள் மாறியிருக்கும். ஒரு பையன் பெரியவனாகிற கதையை அசைவின் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிட்டார்கள். 2019-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை அது வென்றது.

சிவகாசியில் அச்சாகி வந்த காமிக்ஸ் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படங்களில் இன்னொரு பரிசும் காத்திருக்கிறது. 1972-ல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்ததிலிருந்து எத்தனையோ தலைமுறை அட்டைப்படங்களைப் பார்த்துவிட்டோம். சிலவற்றில் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், நீலம் ஒரு நூல் தள்ளி உட்கார்ந்திருக்கும். அச்சுப்பிழை. அந்தப் பிழையைத்தான் ஸ்பைடர்-வெர்ஸ் கலைஞர்கள் அழகாக்கினார்கள். தூரத்தில் இருக்கும் பொருளை மங்கலாக்க வேண்டிய இடத்தில் நிறங்களைச் சற்றே விலக்கி வைத்தார்கள். நிழலுக்குப் புள்ளிகள். முகத்தின் சுருக்கத்துக்குக் கையால் போட்ட கோடுகள்.

மும்பாட்டன்

இரண்டாம் படம் ஒரே உலகத்தோடு நிற்கவில்லை. மைல்ஸின் தோழியான சிலந்திப் பெண் க்வென் ஸ்டேசியின் உலகம் முழுக்க நீர்வண்ண ஓவியம். அவள் மனநிலைக்கு ஏற்ப அறையின் சுவர்களே நிறம் மாறும், அழும்போது பின்னணி கரைந்து ஒழுகும். லண்டனிலிருந்து வரும் சிலந்தி மனிதன் ஹோபி, கிழித்து ஒட்டிய சுவரொட்டிபோல இருப்பான். அவன் உடல் ஒரு வேகத்தில், சட்டை வேறு வேகத்தில், கிடார் மூன்றாவது வேகத்தில் அசையும். எந்தச் சட்டத்துக்கும் அடங்காதவன் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? தொடக்கத்திலேயே டாவின்சியின் காகிதத்திலிருந்து எழுந்து வந்ததுபோல ஒரு வில்லன் பறப்பான். இவர்கள் எல்லோரும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கும்போதும் யாரும் யாருடைய பாணிக்கும் மாறுவதில்லை. அவரவர் கோடு அவரவருக்கு.

நமக்கு நெருக்கமானவன் பவித்ர் பிரபாகர். மும்பையும் மன்ஹாட்டனும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய மும்பாட்டன் நகரத்தின் சிலந்தி மனிதன். 2004-ல் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் ஜே. காங் மூவரும் ‘ஸ்பைடர்-மேன்: இந்தியா’ காமிக்ஸில் உருவாக்கிய பாத்திரம் இது. அந்தக் காமிக்ஸில் பவித்ர் கிராமத்திலிருந்து உதவித்தொகையில் மும்பைக்குப் படிக்க வந்தவன், வேட்டி கட்டிச் சுவரேறியவன். படத்தில் அவன் சிரித்துக்கொண்டே இருக்கிற, முடியைப் பற்றிப் பெருமைப்படுகிற பையன். களரிப்பயிற்றை மனதில் வைத்து அவன் அசைவுகளை அமைத்தார்கள். நகரத்தை 1970-களின் இந்திரஜால் காமிக்ஸ் பக்கங்களைப் பார்த்து வரைந்தார்கள். இந்தி, பஞ்சாபி டப்பிங்கில் கிரிக்கெட் வீரர் ஷுப்மன் கில் குரல் கொடுத்தார்.

வெளிநாட்டுப் படங்களில் இந்தியா வந்தாலே பாம்பாட்டியும் யானையும் வந்து நின்ற காலம் ஒன்று உண்டு. மும்பாட்டனில் நெரிசல் இருக்கிறது. ஆனால் அது பரிதாபத்துக்காக வரைந்த நெரிசல் அல்ல, கொண்டாட்டம். வெள்ளைக்காரர்கள் நம்மிடமிருந்து அள்ளிச் சென்றவற்றைப் பற்றிப் பவித்ர் போகிற போக்கில் சொல்லும்போது தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு இருக்கிற ஒரே குறை, அந்த உலகத்தில் நாம் இருக்கிற நேரம் குறைவு என்பதுதான். 140 நிமிடப் படத்தில் இன்னும் 10 நிமிடம் மும்பாட்டனுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் படத்தின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. இடிந்து விழும் கட்டடத்துக்கு அடியில் ஓர் இன்ஸ்பெக்டர் சிக்குகிறார். பவித்ரின் காதலி காயத்ரியின் அப்பா அவர். மைல்ஸ் பாய்ந்து காப்பாற்றிவிடுகிறான். எல்லோரும் மகிழ வேண்டிய நேரத்தில், ‘காப்பாற்றியிருக்கக் கூடாது’ என்று மற்ற சிலந்தி மனிதர்கள் சொல்கிறார்கள்.

செங்கத்துக் கற்கள் சொல்வது

இங்கே கொஞ்சம் எங்கள் மலையடிவாரத்துக்கு வர வேண்டும். ஜவ்வாது மலையின் தெற்கே இறங்கினால் செங்கம். மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர். அந்தப் பாட்டில் கூத்தர்கள் போகிற வழியிலேயே நடுகற்கள் வருகின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் இந்த வட்டாரத்தைத் தேடியது. அதன் பயனாக 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ நூல் வந்தது. பெரும்பாலானவை பல்லவர் காலத்தவை, வட்டெழுத்தில் பொறித்தவை. எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார் மாடுகளைக் கவர்ந்தார்கள், யார் மீட்டு மாண்டான். இவ்வளவுதான் செய்தி. கல்லில் வீரன் ஒருகையில் வில்லும் மறுகையில் வாளுமாக, அடியெடுத்துப் பாய்கிற கோலத்தில் இருப்பான். பல கற்களில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கும். ஊர் மக்கள் இன்றும் இவற்றுக்குப் பொங்கல் வைத்து வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள்.

அவன் அரசன் அல்ல. மாடு மேய்த்தவன், ஊர்க்காவல் நின்றவன். செங்கத்தை அடுத்த எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருந்தது. அதில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. கள்வர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்பி, வீரம் மனிதனுக்கு மட்டும் சொந்தமில்லை என்று நினைத்திருக்கிறான். ஸ்பைடர்-வெர்ஸில் பன்றிக்கும் பூனைக்கும் குதிரைக்கும் சிலந்தி முகமூடி போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் இது சிறுபிள்ளை விளையாட்டு என்றார்கள். கோவிவனின் ஊர்ப்பக்கத்துக்காரனான எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆனால் நடுகல்லின் இலக்கணத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சாக வேண்டும். மாட்டை மீட்டுவிட்டு உயிரோடு வீடு திரும்பியவனுக்குக் கல் இல்லை. வீரனாக நினைவில் நிற்க வேண்டுமென்றால் யாராவது ஒருத்தி மகனை, கணவனை, அப்பனைப் பறிகொடுத்திருக்க வேண்டும்.

சூப்பர் ஹீரோக்களின் இலக்கணமும் அதுவேதான், சாவு மட்டும் இடம் மாறியிருக்கிறது. நாயகன் பிழைப்பான், அவனுக்கு வேண்டியவர்கள் சாவார்கள். பேட்மேனுக்கு அப்பா அம்மா. பீட்டர் பார்க்கருக்குப் பெரியப்பா பென். அந்தச் சாவுதான் அவனுக்குப் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கும். ‘அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ இந்த இலக்கணத்தைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து ஒரு சட்டமாக நிறுத்துகிறது. கேனன் ஈவென்ட். ஒவ்வோர் உலகத்திலும் ஒவ்வொரு சிலந்தி மனிதனுக்கும் இது நடந்தே தீர வேண்டும், தடுத்தால் அந்த உலகமே சிதையும் என்கிறார் சிலந்தி மனிதர்களின் தலைவர் மிகேல் ஒஹாரா. நெருக்கமான ஒரு போலீஸ் கேப்டன் சாவது அந்தப் பட்டியலில் ஒன்று. மைல்ஸின் அப்பா ஜெஃப் சில நாட்களில் கேப்டனாகப் போகிறார்.

நூற்றுக்கணக்கான சிலந்தி மனிதர்கள் சூழ்ந்து நின்று, ‘எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது, ஏற்றுக்கொள்’ என்கிறார்கள். மைல்ஸ் மாட்டேன் என்கிறான்.

இந்தப் படத்தை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவது அந்த ‘மாட்டேன்’ என்பதற்காகத்தான். மிகேல் கெட்டவர் அல்ல. இன்னோர் உலகத்தில் இறந்துபோன தன் நகலின் இடத்தில் போய், ஒரு சின்னப் பெண்ணுக்கு அப்பாவாக வாழ்ந்தவர். அந்த உலகம் கண்ணெதிரே அழிந்ததைப் பார்த்தவர். தான் பட்ட துன்பத்துக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்று தவிக்கிறவர். அந்தத் தவிப்பைச் சட்டமாக்கி எல்லோர் தலையிலும் வைக்கிறார். இப்படிப்பட்ட பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ‘நாங்கள் படாத பாடா, நீயும் படு’ என்கிறவர்கள். அவர்கள்மேல் கோபம் வருகிற அதே நேரத்தில் இரக்கமும் வருகிறதே, அதுதான் எழுத்தின் வலிமை.

மிகேல் இன்னொன்றும் சொல்கிறார். மைல்ஸைக் கடித்த சிலந்தி வேறு உலகத்திலிருந்து வந்தது. அவன் சிலந்தி மனிதன் ஆகியிருக்கவே கூடாது. முதல் பிழையே அவன்தான். ‘நீ இங்கே இருக்க வேண்டியவனே இல்லை.’ படிக்கப்போன இடத்திலும் வேலைக்குப் போன இடத்திலும் எங்கள் மலைப்பிள்ளைகள் இதை வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். திரையில் அந்தப் பையன் பதில் சொன்ன விதம், ரயிலின்மேல் மல்லாந்து கிடந்தபடி, என் கதையை நானே எழுதிக்கொள்கிறேன் என்று அவன் சொன்ன விதம் எனக்கு மறக்காது.

மைல்ஸ் சொல்வது நடக்கக்கூடியதா, அல்லது வெறும் பிடிவாதமா? படம் அதற்கும் ஒரு சான்றை ஒளித்துவைத்திருக்கிறது. க்வெனின் அப்பாவும் கேப்டன்தான். விதிப்படி அவரும் சாக வேண்டியவர். தன் மகளைக் கைது செய்ய வேண்டிய நிலை வந்தபோது அவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அவர் கேப்டனே இல்லை என்றால் எந்தச் சாவு, எந்தச் சட்டம்? அந்த நொடியில் அறையின் நீர்வண்ணங்கள் இளகிச் சூடேறுவதைப் பாருங்கள். அப்பாவும் மகளும் அணைத்துக்கொள்வதற்கு முன்பே நிறங்கள் சேர்ந்துவிடுகின்றன. வண்ணத்தாலேயே விதி உடையும் காட்சியை வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

இதே கேள்வி ஆறு வாரம் கழித்து நம் ஊர்ப் படத்திலும் வந்தது என்பது எனக்கு இன்னும் வியப்பு. 2023 ஜூலை 14-ல் வெளியான மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’. படக்கதை வரைகிற பயந்தாங்கொள்ளி சத்யாவுக்கு ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. கதையில் வருகிற மாவீரன் சாவான் என்று அந்தக் குரல் சொல்கிறது. சிவகார்த்திகேயனின் முகத்தில் அப்போது வந்த பயம் மைல்ஸின் பயம்தான். இரண்டு படங்களும் ஒன்றையொன்று பார்த்து எடுத்தவை அல்ல.

‘அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில் கர்ப்பிணியான சிலந்திப் பெண் ஜெசிகா ட்ரூ மோட்டார் பைக்கில் வந்து சண்டை போடுவதை நம்ப முடியவில்லை என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அதே 2023-ன் கடைசியில் ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிரசவமான இரண்டு நாட்களில் சென்னைக்குப் பயணம் செய்து உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த அந்த 23 வயதுப் பெண் தேர்ச்சி பெற்ற செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. ஜெசிகாவை நம்ப எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வரைந்த கைகள்

ரசிகன் என்பதற்காக ஒன்றை மறைக்க மாட்டேன். படம் வந்த அதே ஜூன் மாதம் அமெரிக்காவின் ‘வல்ச்சர்’ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. முடித்த காட்சிகளைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னதாகவும், ஓராண்டுக்கு மேல் நாளுக்கு 11 மணி நேரம், வாரத்தில் 7 நாளும் வேலை செய்ததாகவும், படம் முடிவதற்குள் சுமார் 100 கலைஞர்கள் வெளியேறியதாகவும் அதில் பணியாற்றியவர்கள் பெயர் சொல்லாமல் பேசியிருந்தார்கள். கதை சரியாக வரும்வரை திருத்திக்கொண்டே இருப்பது அனிமேஷனில் இயல்பு என்பது தயாரிப்பாளர் தரப்பின் பதில். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. யாரையும் பலிகொடுக்காமல் உலகைக் காக்க முடியும் என்று சொல்கிற படத்தை, அதை வரைகிறவர்களின் உடம்பைப் பலிகொடுக்காமல் எடுக்கவும் முடிய வேண்டும். படத்தை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

அந்தத் தயாரிப்பிலிருந்து மகிழ்ச்சியான செய்தியும் ஒன்று உண்டு. டொராண்டோவைச் சேர்ந்த 14 வயதுப் பையன் பிரெஸ்டன் முட்டாங்கா, படத்தின் டிரெய்லரை லெகோ பொம்மைகளாக மாற்றி வீட்டுக் கணினியில் உருவாக்கியிருந்தான். தயாரிப்பாளர்கள் ஃபில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் அதைப் பார்த்துவிட்டு, படத்தில் வரும் லெகோ உலகக் காட்சியையே அவனிடம் கொடுத்தார்கள். அவன் பயன்படுத்தியது பிளெண்டர் என்ற மென்பொருள், முற்றிலும் இலவசம். அதே பிளெண்டரில் லாட்வியாவில் உருவான ‘ஃப்ளோ’ 2025-ல் ஆஸ்கர் வாங்கியது.

தமிழுக்கு இந்தத் துறை புதிதல்ல. சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் 2000-லேயே ‘பாண்டவாஸ்’ எடுத்துத் தேசிய விருது வாங்கியது. 2007-ல் ‘இனிமே நாங்கதான்’, 2014-ல் ‘கோச்சடையான்’. இவற்றில் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் முகம் நிஜ முகம்போல இருக்க வேண்டும், தோல் நிஜத் தோல்போல மினுங்க வேண்டும் என்ற ஆசை நம் கலைஞர்களைத் தவறான பக்கம் இழுத்துவிட்டது என்பது என் கருத்து. நிஜத்தைத் துரத்தினால் பணம் உள்ளவன்தான் ஜெயிப்பான். சொந்தக் கோட்டைப் போட்டால் யாரும் ஜெயிக்கலாம். இந்தியப் பார்வையாளர்கள் அனிமேஷனுக்கு வரமாட்டார்கள் என்ற பேச்சையும் இனி விட்டுவிடலாம்; 2025-ல் ‘மகாவதார் நரசிம்மா’ 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்துவிட்டது. கோவிவனைப் பற்றி ஒரு படம் வரட்டும். அதைச் செங்கத்துக் கல்லில் இருக்கிற அதே கோட்டில், அதே பக்கவாட்டுப் பாதத்தோடு வரையட்டும். ஜமுனாமரத்தூர்ப் பள்ளியில் கணினி இருக்கிற பிள்ளைக்கும் பிளெண்டர் இலவசம்தான்.

இரண்டாம் படம் பாதிக் கதையில் நிற்கிறது. மைல்ஸ் தவறான உலகத்தில் கட்டுண்டு கிடக்கிறான், அவன் உலகத்தில் அப்பாவின் உயிருக்கு நேரம் ஓடுகிறது. 2024 மார்ச்சில் வரவேண்டிய மூன்றாம் படம் ‘பியாண்ட் த ஸ்பைடர்-வெர்ஸ்’ தள்ளித் தள்ளி, இப்போது 2027 ஜூன் என்று அறிவித்திருக்கிறார்கள். தாமதத்தில் எனக்கு வருத்தமில்லை. கலைஞர்கள் தூங்கி எழுந்து வரையட்டும். கேட்பது ஒன்றுதான். ஜெஃப் மொராலஸ் பிழைக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் ஏதோ ஒரு கருவியை நீட்டி அவரைப் பிழைக்க வைக்கக் கூடாது. அப்பாவுக்குப் பதிலாக வேறொருவரைச் சாகடித்துக் கணக்கை நேர்செய்யவும் கூடாது. மைல்ஸ் சொன்னதைச் செய்துகாட்ட வேண்டும்: ஊரும் பிழைக்க வேண்டும், அப்பாவும் வீடு வந்து சேர வேண்டும். அந்தப் படத்துக்கும் மலையிலிருந்து இறங்குவேன், இந்த முறை என் தெருப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.